கட்டுப்பேயாண்டியும் வேர்ப்பேயாண்டியும்

மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்து ஊர்களில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே நின்று “ஏ, பேயாண்டி!” என்று ஒரு குரல் கொடுத்தால் குறைந்தது நாலு தலையாவது திரும்பும். தாத்தா பேரை மூத்த பேரனுக்கு வைத்தே தீர வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். தாத்தாவுக்கு மூன்று மகன்கள் என்றால் மூன்று வீட்டுத் தலைப்பேரன்களும் அதே பேரோடு வளர்வார்கள். இதனால் யாருக்கும் எந்தச் சிக்கலும் வந்ததில்லை. ஒருவன் நெட்டைப் பேயாண்டி, ஒருவன் கிணத்தடிப் பேயாண்டி, இன்னொருவன் சின்ன வயதில் மோருக்கு அழுத பாவத்துக்குக் கிழவனாகும்வரை மோர்ப் பேயாண்டி. ஊர் ஒட்டிவிட்ட பேரை முகம் சுளிக்காமல் சுமப்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்திதான். சுமக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்ட ஒரு மனிதரின் கதை இது.

கீழக்குயில்குடியில் இருந்த பேயாண்டி, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சின்னப் பட்டியில் இருந்த பேயாண்டி, பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்கிறவர். இருவரும் அண்ணன் தம்பி மக்கள். இருவருக்கும் பேர் கொடுத்த தாத்தாவுக்கு இரண்டு வித்தையும் தெரியும். சாகிற காலத்தில் அவர் எலும்பை மூத்த மகன் வீட்டுக்கும் விஷத்தை இளைய மகன் வீட்டுக்கும், காடு கரையைப் பங்கு வைப்பது போல வைத்துவிட்டுப் போனார். ஊர் முன்னவரைக் கட்டுப்பேயாண்டி என்றது. பின்னவரை வேர்ப்பேயாண்டி என்றது. இருவருக்கும் கைராசி. உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலம்வரை இரண்டு பேரையும் தெரியாதவர்கள் குறைவு.

வேர்ப்பேயாண்டிக்குத் தன் பட்டப்பேரைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இருந்ததாகத் தெரியவில்லை. கூப்பிட்டால் வருவார். விஷக்கடி பார்க்கிறவன் வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது, வெளியூரில் தங்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணம் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் அந்த மனிதர் வீட்டு வாசலிலேயே கிடந்தார்.

கட்டுப்பேயாண்டி அப்படிப்பட்டவர் இல்லை. நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். முறிந்த கையை அவர் தொடுகிற விதத்தில் பச்சைப் பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிடும். ஆனால் புகழ்ச்சி என்றால் மனிதருக்கு வெல்லக்கட்டி. அது பாட்டுக்கு அளவாக இருந்திருக்கும். தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் குதிரை வண்டி குடைசாய்ந்து தொடையெலும்பு முறிந்து வந்ததுதான் வினையாகப் போயிற்று. மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் போட்ட கட்டால் நாற்பத்தெட்டாம் நாள் வக்கீல் எழுந்து நடந்தார். நடந்தவர் சும்மா போகாமல் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பிவைத்தார். அதில் “வைத்தியர் பேயாண்டி அவர்கள்” என்று இருந்தது. கட்டும் இல்லை, வேரும் இல்லை. அதைப் பார்த்த நாள் முதல் யாராவது கட்டுப்பேயாண்டி என்று கூப்பிட்டால் அவருக்கு முகம் சுண்டிப்போகும். பிறகு காது கேட்காதது போல இருக்க ஆரம்பித்தார். நாம் அப்படிக் கூப்பிடுவதை அவர் மன்னிக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை நமக்கே குழம்பிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் அவர் இரண்டு தகரப் பலகை எழுதச் சொன்னார். டவுனிலிருந்து வந்த பெயிண்டர், “என்ன வைத்தியர்னு போடட்டும்?” என்று கேட்டான்.

“வைத்தியர் பேயாண்டின்னு போடு. போதும். ஊருக்குத் தெரியும்.”

“கட்டு வைத்தியர்னு போட்டாத்தான் என்னவாம்?” என்றாள் அவர் மனைவி செல்லத்தாய், அடுப்படியிலிருந்து.

“ஒன்னைய யாரு கேட்டா?”

ஒரு பலகை வீட்டு வாசலில் ஏறியது. இன்னொன்றைக் கணவாய்ப் பிரிவுக்கு எடுத்துப்போனார். சோழவந்தான் பக்கத்து ஜனம் நாகமலையைத் தாண்டி இந்தப் பக்கம் வர ஒரு கணவாய் உண்டு. அதைக் கடந்து இறங்கினதும் பாதை இரண்டாகப் பிரியும். கிழக்கே ஐந்து மைலில் கீழக்குயில்குடி. மேற்கே இரண்டே மைலில் வேர்ப்பேயாண்டி இருக்கிற பட்டி. பிரிவில் வீடு வாசல் கிடையாது, ஒரு புளியமரம் மட்டும். அந்த மரத்தில் பலகையை அடித்தார். “வைத்தியர் பேயாண்டி, கீழக்குயில்குடி” என்று எழுதி, கீழே கிழக்கே நீட்டிய ஒரு கை. கை நன்றாக வந்திருந்தது. மோதிரம்கூடப் போட்டிருந்தான் பெயிண்டர்.

ஒரு மாதம் கழித்து வேர்ப்பேயாண்டி விடியற்காலையில் புறப்பட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரவே இல்லை. வீட்டை விட்டு வந்தவரின் பதைப்பு அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

“அண்ணே, கணவாய்ப் பிரிவுல பலகை வச்சிருக்கீகளாம்ல.”

“ஆமா. ஜனம் வழி தெரியாம அலையுதுல்ல.”

“நல்லதுதான். அதுல கட்டுங்கிற வார்த்தைய மட்டும் சேத்து எழுதிருங்கண்ணே. சோழவந்தான் வெத்தலக் கொடிக்கால்ல கடிபட்டு வாரவுகளும் அந்த வழியாத்தான் வாராக. பலகையப் பாத்துட்டு இந்தப் பக்கம் திரும்பிட்டாகன்னா நேரம் போயிரும்.”

தம்பி சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை. கேட்டவருக்குத்தான் பிசகியிருந்தது. தன் பலகையைப் பார்த்துத் தம்பிக்குப் பொறாமை என்று அவருக்குப் பட்டுவிட்டது.

“ஏன், எம்பேரு பலகையில இருந்தா ஒனக்குக் கண்ணு உறுத்துதோ?”

“எனக்கும் அதே பேருதானண்ணே.”

“அப்ப நீயும் ஒண்ணு எழுதி மேக்க கையக் காட்டி வச்சுக்க. எனக்கு ஒட்டுப்பேரு வேண்டாம்.”

“ரெண்டு பக்கமும் ஒரே பேரு இருந்தா வாரவன் எங்கிட்டுப் போவான்?”

கட்டுப்பேயாண்டி மூங்கிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். செல்லத்தாய் கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டுத் தம்பி, “வாரேண்ணே, நெஞ்சுல வச்சுக்காதீக” என்று புறப்பட்டார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

அந்தப் பலகையால் அவருக்கு ஆதாயம் இல்லாமல் இல்லை. வேர்ப்பேயாண்டியிடம் பிழைத்தவர்களின் உறவுக்காரர்கள் சிலர் வழி தப்பி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க சின்னாயி மகனுக்கு உசுரக் குடுத்த மகராசன் நீங்கதானா!” என்று கண்கலங்குவார்கள். இவர் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. மீசையைத் தடவிக்கொள்வார். ஒருமுறை தேள்கடி என்று ஒருவன் வந்தான். சுண்ணாம்பைத் தடவி உட்காரவைத்தார், கடுப்பு தானாக இறங்கிவிட்டது. “பாத்தியா?” என்று செல்லத்தாயிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் ஒரு கூண்டு வண்டி வாசலில் வந்து நின்றது. மாடுகள் வாயில் நுரை. வண்டிக்கு முன்னால் ஓடிவந்த பெரியவர் பலகையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “வைத்தியர் பேயாண்டி வீடு இதானுங்களாய்யா?” என்றார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற விருமாண்டி அவர்.

“இதான். என்ன, மரத்துல இருந்து விழுந்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே கட்டுப்பேயாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

இருபத்துநாலு இருபத்தைந்து வயதுப் பையன் வைக்கோல் மேல் சாய்ந்திருந்தான். கால் எங்கும் முறிந்திருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஈர வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பாதம் கன்றிப் பெருத்திருந்தது.

“எம்மகன்யா, காளை. வெள்ளன வெத்தல கிள்ளப் போனான். நல்ல பாம்பு. எங்கண்ணால பாத்தேன்.”

கட்டுப்பேயாண்டி வாசல் வேம்புக்கு ஓடினார். கைக்கெட்டிய வேப்பிலையைப் பறித்துப் பையன் வாயில் வைத்தார். அவன் மென்றான். இலையில் கசப்புத் தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது.

“கசக்குதாப்பா?”

“ஒண்ணும் தெரியலைய்யா.” நாக்கு தடித்து, வார்த்தை குழறி வந்தது.

“கணவாய்ப் பிரிவுல யாரையும் வழி கேக்கலையா நீங்க?” என்று விருமாண்டியிடம் கத்தினார்.

“ஆளு ஒருத்தரும் இல்லைய்யா அங்க. பாம்புக்கடின்னா வைத்தியர் பேயாண்டிதான், கணவாயத் தாண்டிப் போங்கன்னு ஊருல சொன்னாக. வண்டிக்காரருக்கு எழுத்து தெரியும். பலகையப் படிச்சாரு. அதுல உங்க பேரு போட்டிருந்துச்சு.”

கணவாய் இறங்கினதும் இரண்டு மைலில் முடிந்திருக்க வேண்டிய பயணம். தான் மரத்தில் அடித்துவைத்த கை அவர்களைப் பிடித்து ஐந்து மைல் எதிர்த்திசையில் இழுத்துவந்திருக்கிறது. இங்கிருந்து தம்பி வீட்டுக்கு இப்போது ஏழு மைல். டவுன் ஆஸ்பத்திரிக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். கொண்டுபோவோமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் விருமாண்டி, “பேயாண்டி கையிலதான்யா வைத்தியம் பாக்கணும்” என்று அழுதார். இவருக்கும் உயிர் என்றால் தம்பி ஞாபகம்தான் வந்தது.

“இது எங்கைல ஆகாது. எந்தம்பி பாப்பான். மாட்ட மாத்து!” என்று வண்டிக்காரனை விரட்டித் தன் மாடுகளை அவிழ்த்துப் பூட்டினார். ஏன், எதற்கு என்று கேட்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. பெரிய வைத்தியர் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பினார்கள்.

போகிற வழியெல்லாம் பையன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்ணிமைகள் சரிந்துகொண்டே வந்தன. ஒரு தடவை அவற்றைத் தூக்கி இவரைப் பார்த்துக் காளை கேட்டான், “நீங்கதான் பேயாண்டியா?”

“ஆமாப்பா.”

“அப்பச் சரி. பொழச்சுக்குவேன். அவளுக்கு அஞ்சு மாசம்.”

“நான் இல்லப்பா. அந்தப் பேயாண்டி எந்தம்பி” என்றார் இவர். அது அவன் காதில் விழுந்ததா என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

கணவாய்ப் பிரிவு வந்ததும் வண்டியிலிருந்து குதித்தார். பாதை சுற்றிக்கொண்டு போகும். வரப்பு வழியாக ஓடினால் முன்னாலேயே போய்த் தம்பியைத் தயார்ப்படுத்தலாம். நாற்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு. புளியமரத்துக்கு அடியில், தன் பேருக்குக் கீழேயே ஓடினார். வேட்டி கருவேலமுள்ளில் சிக்கிக் கிழிந்ததையும் அவர் பார்க்கவில்லை.

வேர்ப்பேயாண்டி காலையிலிருந்து வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் மூச்சிரைக்க ஓடிவருவதைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். “எப்பக் கடிச்சது?” என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வண்டி வந்து சேர்வதற்குள் வேரும் இலையும் அரைத்துத் தயாராக இருந்தன. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். காளையால் விழுங்க முடியவில்லை. ஊற்றியது கடைவாய் வழியாக வழிந்தது. பொழுது மலையில் இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

விருமாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு, இதுதான் கொடுமை, கிழிந்த வேட்டியும் முள் கீறிய காலுமாகச் சுவரோரம் நின்ற கட்டுப்பேயாண்டியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“பெத்த தகப்பன் நானே வண்டிக்குள்ள உக்காந்திருந்தேன். நீங்க ஓடுனீகளேய்யா! யாரு பெத்த பிள்ளைக்கோ இப்பிடி ஓடுனீகளே!”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்துமிருந்தது. தம்பி கைகழுவின தண்ணீரோடு அப்படியே நின்று அண்ணன் முகத்தைப் பார்த்தார், அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தவரைப் போல. கட்டுப்பேயாண்டி குனிந்து கிழவரைத் தூக்கி நிறுத்தினார். பிணத்தை வண்டியில் ஏற்றக் கைகொடுத்தார். சொல்லவில்லை.

வண்டி போனபிறகு தம்பி, “அண்ணே, முந்தியே வந்திருந்தாலும் பொழச்சிருப்பான்னு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். அது நிஜமா, தனக்காகச் சொன்னதா என்று கேட்க இவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பலகையைப் பிடுங்கி எடுத்தார். ஆணி லேசில் வரவில்லை, விரல் கிழிந்தது. வாசல் பலகையும் மறுநாள் இறங்கியது. செல்லத்தாயிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள், “என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அங்க போய்ச் சொல்லுங்க” என்றாள்.

“போறேன். பதினாறு கழியட்டும்.”

பதினாறு கழிந்தது. ஆவணி வந்தது. போகிறேன் என்றார். புரட்டாசியில் மழை, ஆற்றில் தண்ணீர் என்றார். ஒரு நாள் கணவாய்வரை போய், புளியமரத்தில் ஆணிப்பொத்தல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கை முறிந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. யாராவது பழைய பழக்கத்தில் கட்டுப்பேயாண்டி என்று கூப்பிட்டால் முதல் கூப்பாட்டிலேயே திரும்பினார். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்? செத்தவன் எழுந்து வரப்போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

கார்த்திகை கடைசியில் விருமாண்டி வந்தார். ஐந்து கவுளி வெற்றிலை, பச்சை மணக்க மணக்க, வாழைச்சருகில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“பேரன் பொறந்திருக்கான்யா! முப்பது கழியுது. வார வெள்ளிக்கிழம பேரு வைக்கிறோம். நீங்க வந்துதான் பேரச் சொல்லிக் கூப்பிடணும்.”

“சந்தோசம்” என்றார் கட்டுப்பேயாண்டி. “அப்பன் பேரத்தான வைக்கப் போறீக?”

“அதான் மொறை. ஆனா எம்மருமக மாயக்காள் வேணாங்குது. அந்தப் பேர வாயில எடுத்தாலே அழுகுது. ஒங்க பேரு இருக்கட்டும்னு நாங்க எல்லாருமாத்தான் முடிவு பண்ணோம். பேயாண்டி. அந்தப் பேரு வச்சவன் மத்தவுகளுக்கு ஓடிப்போய் நிப்பான்.”

செல்லத்தாய் அடுப்படி வாசலில் வந்து நின்று புருஷனையே பார்த்தாள். அவர் வெற்றிலையைப் பார்த்தார். எதிரே நிற்கிற கிழவரின் முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அதை எப்படிப் பிடுங்குவது? அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால் பயம். கும்பிடுகிற கையை இறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“வாரேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை சோழவந்தானில் விருமாண்டி வீட்டு முற்றத்தில் பந்தல். ஆற்றுக்காற்றுக்குப் பந்தல் துணி படபடத்தது. சொந்தபந்தமெல்லாம் இவரை எழுந்து நின்று வரவேற்றது. நாலைந்து பெண்கள் இவரைக் காட்டித் தங்களுக்குள், “இவருதான், வண்டிக்கு முன்ன ஓடுனவரு” என்றார்கள். மனையில் உட்காரவைத்துக் குழந்தையை மடியில் கொடுத்தார்கள். மாயக்காள் எதிரே உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அவள் இவரைப் பார்த்த பார்வையில் நன்றியைத் தவிர ஒன்றுமில்லை.

குழந்தைக்கு நெற்றி நிறைய முடி. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மூடின இமைகளை அவர் ஏற்கெனவே ஒருதரம் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

“காதுல மூணு வாட்டி பேரச் சொல்லுங்கய்யா” என்றார் விருமாண்டி.

குனிந்தார். தன் பேர் நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“காளை” என்றார்.

சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறந்துபோய்ச் சொல்கிறார் என்று யாரோ, “பேயாண்டிய்யா, பேயாண்டி” என்று எடுத்துக்கொடுத்தார்கள்.

“வேண்டாம். எம்பேரு இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.” நிமிர்ந்தார். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. “எம்பேருனாலதான் காளை செத்தான். நான் எலும்புக்குக் கட்டுப் போடுறவன். கடிக்கு மருந்து குடுக்குறவன் எந்தம்பி, அவன் பேரும் பேயாண்டி. பிரிவுல இருந்து ரெண்டு மைலுதான் அவன் வீடு. அந்தப் பலகைய வச்சது நான். என்ன வைத்தியர்னு அதுல எழுதல. எழுதச் சொல்லித் தம்பி வீடு தேடி வந்து சொன்னான். கடிபட்டவன் வழி தப்பிப் போவான்னு சொன்னான். நான் கேக்கல. பேரு மட்டும் தனியா இருந்தாத்தான் எனக்குப் பெருமைன்னு நெனச்சேன். அன்னைக்கு நான் ஓடுனது வைத்தியனா ஓடல. நான் செஞ்ச தப்பு பின்னால தொரத்துச்சு, ஓடுனேன்.”

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, அதைப் பார்க்கக்கூட யாரும் எழவில்லை.

விருமாண்டி மெள்ளக் கீழே உட்கார்ந்தார். அடிக்க வருவார் என்று கட்டுப்பேயாண்டி எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நாலு மாசமா வெளக்கு ஏத்துறப்ப சாமிக்கு அடுத்தது உங்க பேரத்தான்யா சொன்னேன்” என்றார் கிழவர். “அன்னைக்கே சொல்லியிருக்கப்படாதா? எம்மகனத்தான் பறிகுடுத்தேன். இந்தக் கும்புடாவது வீணாகாம எனக்கு மிச்சமிருந்திருக்கும்ல.”

கட்டுப்பேயாண்டியின் கண்ணில் வழிந்ததைத் துடைக்கக் கையை எடுத்தால் குழந்தை நழுவும். அப்படியே இருந்தார்.

மாயக்காள் அழவில்லை. ஏதோ கணக்குப் புரியாதவள் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பலகையில என்னன்னு எழுதியிருக்கணும்?” என்று கேட்டாள்.

“கட்டு வைத்தியர்னு எழுதியிருக்கணும்மா. கட்டுங்கிறத விட்டுட்டேன்.”

“எனக்கு எழுத்து தெரியாது. அது எம்புட்டு எழுத்து வரும்?”

“மூணு எழுத்தும்மா.”

“மூணுதானா” என்றாள்.

எழுந்து வந்து குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். தோளில் சாய்த்து, அதன் காதருகே வாய் வைத்து, நாலு மாதமாக வீட்டில் யாரும் சொல்லாத பேரைச் சொன்னாள். இரண்டாம் தடவை குரல் உடைந்தது. மூன்றாம் தடவை காளை என்று அவள் கூப்பிட்டது வெளியே தெருவரை கேட்டது. பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.